பசை காயாத சுவரொட்டி

எச்.ஐ.வி. மாத்திரைக்குக் காத்திருப்பவர்களும் காசநோயில் இருமுகிறவர்களும் ஒரே கூடத்தில் தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்திருக்கிறார்கள். சாத்திய ஜன்னலின் இரண்டு கதவுகளையும் சேர்த்து ஒட்டிய ஆராய்ச்சிக் குழுவின் சுவரொட்டி ஈரப் பசையில் பளபளக்கிறது: "காசநோய் பரவாமல் தடுக்க ஜன்னல்களைத் திறந்து வையுங்கள்." தம்பியின் எலும்பு முதுகைத் தடவிக்கொண்டிருந்த அக்கா எழுந்து கொக்கியில் கை வைக்கிறாள். "ஐயோ, கிழிஞ்சிரும்மா! பெரிய டாக்டருங்க போட்டோ எடுக்க வர்றாங்க," என்று பதறுகிறார் ஒட்டியவர். "மாத்திரை வாங்க வந்தவன் காசநோயை வாங்கிட்டுப் போகணுமா? உங்க போட்டோவுல தீய வைக்க!" ஓங்கித் தள்ளுகிறாள். சுவரொட்டி நடுவே கிழிகிறது. வெயிலும் காற்றும் உள்ளே பாய்கின்றன. ஒட்டியவர் பசை டப்பாவோடு ஓடிவந்து, கிழிந்த எழுத்துகள் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று பார்க்க, கதவுகளை மறுபடியும் இழுத்துச் சாத்துகிறார்.