கொட்டகையில் முனகல்

மாட்டுக் கொட்டகையிலிருந்து வந்த முனகலைக் கேட்டு, பக்கத்து வீட்டு இன்னாசியம்மாள் வேலியோரம் வந்தாள்.

"என்ன பிலோமினா, காலையிலேருந்து முனகுது?"

"வயித்துப்போக்குக்கா. இந்தக் கிருமி மாட்டுக்கும் மனுஷனுக்கும் பொதுவாம். ஒண்ணா இருந்தா ஒட்டிக்குமாம். தனியா வைக்கச் சொல்லிட்டாரு மாட்டு டாக்டரு."

"ஐயோ, வாயில்லாத ஜீவனாச்சே! கஞ்சித்தண்ணியாவது குடிச்சுதா?"

"உப்பு போட்டுக் குடுத்தேன்க்கா. உள்ள போவலியே!"

கொட்டகைக்குள்ளிருந்து பிலோமினாவின் கணவன் சவரிராயனின் குரல் வந்தது.

"உப்பளத்துல வேலை செய்யறேன், என் கஞ்சிக்கு உப்பு பத்தலக்கா! மாடு ஹால்ல ஃபேன் காத்துல படுத்திருக்குது!"

"அது சினைமாடுக்கா," என்றாள் பிலோமினா. "கை கழுவாம அதுக்குக் கழனித்தண்ணி கலக்குற மனுஷன வேற எங்க கட்டுறது?"