நிறம் மாறிய தலைப்பு

"ஆபீஸ் கம்ப்யூட்டர்ல இதெல்லாம் எதுக்குப் படிச்சே?" மணலி ஆலையின் மேலாளர் கிருஷ்ணப்பன், டைப்பிஸ்ட் ரமாபாயிடம் சீறினார்.

திரையில் இன்டர்நெட் தேடல் பட்டியல். 'ஆலைப் புகையும் குழந்தைகளின் நுரையீரலும்' என்ற தலைப்பு மட்டும் ஊதா நிறத்தில் இருந்தது. மற்றதெல்லாம் நீலம்.

"யாராவது திறந்து படிச்சாதான் இப்படி ஊதாவா மாறும். இந்தக் கம்ப்யூட்டர்ல உக்கார்றது நீயும் நானும்தான். நான் திறக்கல."

"நான்தான் சார் படிச்சேன். எம் புள்ள ஆறு மாசமா இருமிகினே கீறான்."

"நம்ம புகையால யாருக்கும் ஒண்ணும் ஆகாது. இதை வெளியில சொன்னே, நாளையிலேர்ந்து வேலைக்கு வராதே."

ரமாபாய் பார்வையைத் தாழ்த்தினாள். வீடு மாறுவதற்காகக் காலையில் அவர் தந்த லட்டு மேசையில் அப்படியே இருந்தது. பிள்ளைகளின் பள்ளிக்கூடம் பக்கம் என்று, ஆலைக்குப் பக்கத்திலிருக்கும் மாத்தூர் வீட்டைக் காலி செய்துவிட்டு அண்ணாநகர் போகிறாராம்.

மறுபடியும் திரையைப் பார்த்தாள்.

"நான் திங்கக்கிழமையே படிச்சு மூடிட்டேன் சார். இன்னிக்கு இதே விஷயத்தைத் தேடினது யாரு?"

கிருஷ்ணப்பன் சட்டென்று அந்தப் பக்கத்தை மூடினார்.

லட்டை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"உங்க புள்ளைங்க அண்ணாநகர் போயிடும். எம் புள்ளய நான் எங்க சார் கூட்டிகினு போவேன்?"