டிக்கெட் வாங்கிய மருமகள்

கிட்டே வாருங்கள், கண்ணுகளா. கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொள்ளுங்கள். சுற்றுலா டிக்கெட் வாங்கிக்கொண்டு மாமியார் வீட்டுக்குப் போன ஒருத்தியின் கதையைச் சொல்கிறேன்.

"எங்கம்மா முன்னாடி என்னைப் பார்த்துச் சிரிச்சுத் தொலைக்காதே. நான் டிரைவர், நீ டூரிஸ்ட். ஊரைக் கேட்டா ஜோகன்னஸ்பர்க்னு சொல்லு" என்றான் கடிசோ.

"சரிங்க டிரைவர் சார்" என்றாள் முன்சீட்டில் இருந்த லினேயோ.

சானி கணவாயின் கொண்டை ஊசி வளைவில் ஜீப் முனகிக்கொண்டே ஏறியது. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் வெறும் ஆகாயம். பின்சீட்டு ஜெர்மன் தம்பதி கண்களை இறுக மூடியிருந்தார்கள். அவர்களுக்கு மொழி தெரியாதது கடிசோவுக்கு வசதி.

அவன் கணவாய்க்கு மேலே லெசோத்தோ கிராமத்தில் பிறந்தவன். அவளோ கீழே அண்டர்பர்க்கில் மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். காதலித்து இரண்டு வருடம் ஆகிவிட்டது. கல்யாணம் என்று அவள் வாயெடுத்தால் அவனிடம் ஒரே பதில்தான்: "எங்கம்மாவுக்குக் கீழூர்ப் பொண்ணுங்களே ஆகாது."

அதற்குள் லினேயோவின் தாய்மாமன் அவளுக்கு மாப்பிள்ளையாக ஒரு போலீஸ்காரனைப் பார்த்துவிட்டாராம். இந்த மாதம் முடிவதற்குள் கடிசோ வழி செய்யாவிட்டால், அந்தப் போலீஸ்காரனைக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான் என்று அவள் சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து கடிசோவுக்குத் தூக்கமில்லை. கடைசியில் யோசனை சொன்னதும் அவளேதான்.

"என்னா மூளை உனக்கு" என்று அவன் இன்றைக்கும் வியந்தான். "டூரிஸ்டுங்க போட்டோ எடுக்கறதுக்காக, புது மருமகளை வரவேற்கிற மாதிரி அம்மா நடிச்சுக் காட்டுது. நடிப்பா இருந்தா என்ன? அம்மா கையால கம்பளி, அம்மா வாயால மருமகளுக்கு வைக்கிற புதுப் பேரு, அம்மா சட்டியிலேர்ந்து கறி. ஊர் பார்க்க இதெல்லாம் முடிஞ்சா நீ மருமகள்தான். அப்புறம் அந்தக் கிழவியே நினைச்சாலும் மாத்த முடியாது."

"சும்மா தோணிச்சு" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள் லினேயோ.

மேலே எல்லைச் சாவடியில் முத்திரை வாங்கிக்கொண்டு கிராமத்தை அடைந்தார்கள். கல் வீட்டு வாசலில் நின்ற கடிசோவின் அம்மா மகடிசோ, லினேயோவைத் தலை முதல் கால் வரை அளந்தாள்.

"எந்த ஊரு பொண்ணே?"

"அண்டர்பர்க்ம்மா."

கடிசோ அம்மாவுக்குத் தெரியாமல் அவளை முறைத்தான்.

"ஓ, கீழூரா? அங்கே பொண்ணுங்களுக்குக் களி கிண்டவே தெரியாதாமே. இந்தா, கரண்டியைப் பிடி."

லினேயோ உள்ளே போய் அடுப்பின் முன் முட்டி போட்டு உட்கார்ந்து சோளக்களியைக் கிண்டினாள்.

"கட்டி தட்டுது" என்றாள் மகடிசோ.

"உங்க அடுப்பு புகையைத்தான் கக்குது. எரிஞ்சாத்தானே களி வேகும்?"

எல்லாம் போச்சு என்று கடிசோ நெற்றியைத் துடைத்தான்.

"ஏன்டா வேர்க்குது உனக்கு? வெளியில பனி கொட்டுது."

"மலை ஏறி வந்த களைப்பும்மா."

"வண்டிதானேடா ஏறிச்சு?"

பக்கத்து வீடுகளிலிருந்து ஆட்கள் வரத் தொடங்கினார்கள். வழக்கமாக எட்டிப் பார்க்காத பெரியவர்கள்கூட நல்ல கம்பளியாகப் போர்த்திக்கொண்டு வந்து உட்கார்ந்தார்கள். சாட்சி எவ்வளவு கூடினாலும் நல்லதுதான் என்று கடிசோ உள்ளுக்குள் குதூகலித்தான்.

மகடிசோ பெட்டியைத் திறந்து, மடிப்புக் கலையாத கம்பளி ஒன்றை எடுத்து லினேயோவைச் சுற்றிப் போர்த்தினாள். சட்டியிலிருந்து ஒரு துண்டு ஆட்டுக்கறியை ஊட்டினாள். பிறகு எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்: "இந்த வீட்டுல இனி இவ பேரு மாடெஃபோ. டெஃபோவோட அம்மா."

பெண்கள் குலவையிட்டார்கள். ஜெர்மன்காரர் படமாக எடுத்துத் தள்ளினார்.

கடிசோவால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை. "அம்மா, நல்லா ஏமாந்தே. இவ டூரிஸ்ட் இல்ல, நான் கட்டிக்கப் போறவ. கம்பளி போட்டாச்சு, பேரு வச்சாச்சு, ஊரே பார்த்தாச்சு. இனிமே நீ ஒண்ணும் பண்ண முடியாது."

மகடிசோ நிதானமாகக் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"உங்கப்பன் பேருதானேடா டெஃபோ? என் முதல் பேரனுக்குன்னு வச்சிருந்த பேரு. அதைப் போய் டூரிஸ்டுக்குக் கொடுப்பேனா?"

கடிசோவின் சிரிப்பு பாதியில் நின்றது. "உனக்குத்தான் கீழூர்ப் பொண்ணுன்னாலே ஆகாதே?"

"எப்பச் சொன்னேன்? நீதான் இப்படி ஒருத்தி இருக்கான்னு என்கிட்ட வாயே திறக்கலையே. போன மாசம் வேற ஒருத்தன் வண்டியில ஏறி வந்து, உன்னைக் கட்டிக்கட்டுமான்னு இவதான் கேட்டா. உடனே சரின்னுட்டேன். பொண்ணுக்காக நாம கொடுக்க வேண்டிய மாடு எத்தனைன்னுகூட இவ மாமன்கிட்ட பேசி முடிச்சாச்சு."

கடிசோ லினேயோவைப் பார்த்தான். கம்பளிக்குள் அவள் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது.

"அப்ப... அந்தப் போலீஸ்காரன்?"

"போலீஸ்காரனும் கிடையாது, ஒருத்தனும் கிடையாது. அவனையும் இந்த டூரிஸ்ட் வேஷத்தையும் இவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். உன்னைக் கல்யாணத்துக்கு மலையேத்த எனக்கு வேற வழி தெரியலடா."

உங்கள் வீட்டுச் சட்டியும் என்றும் நிறைந்திருக்கட்டும், கண்ணுகளா. உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு வாய் திறந்து கேட்கும் தைரியம் வாய்க்கட்டும்.