வெளியே

"வெளிய போணும் தாயி."

மெல்லத்தான் சொன்னாள். நர்ஸுக்கு மட்டும் கேட்டால் போதும். ஜன்னலோர நாற்காலியில் மாப்பிள்ளை உட்கார்ந்திருந்தார்.

நர்ஸ் சிரித்தாள். சின்னப் பெண். காலையில் கஞ்சி ஊட்டும்போது பேர் பெனிட்டா என்று அவளே சொல்லியிருந்தாள்.

"அதுக்குள்ள வெளியவா? முந்தாநேத்துதானேம்மா இடுப்புல ஆபரேஷன் ஆச்சு. நாலு நாள் போகட்டும். நானே வீல்சேர்ல வெச்சு உங்களக் கூட்டிட்டுப் போறேன். கீழ பார்க் இருக்கு, பூவெல்லாம் இருக்கு."

மெய்யாகவே கூட்டிப்போவாள். முகத்தைப் பார்த்தால் தெரிந்தது.

கட்டிலில் கிடந்தவளின் ஊரில் அதற்கு அந்தச் சொல்தான். இருட்டு பிரியுமுன் பெண்கள் உடைமரக் காட்டுக்குள் போய்வந்த நாளில் பிறந்த சொல். வீட்டுக்குள்ளேயே கக்கூஸ் கட்டிய பிறகும் அவர்களுக்கு அது வெளியேதான்.

வேறு சொற்களும் இருந்தன. சின்னப் பிள்ளைகளிடம் சொல்பவை. சண்டையில் வாயில் வருபவை.

மாப்பிள்ளை இருக்கும் அறையில் எதுவும் உதவாது.

பெனிட்டாவிடமும் ஒரு சொல் இருந்தது. "மோஷன் வந்தா சொல்லுங்கம்மா" என்று காலையிலேயே கேட்டுக்கொண்டாள். யாரோ பெரிய டாக்டர் என்று நினைத்து இவள் தலையை ஆட்டிவைத்தாள்.

மாப்பிள்ளை தங்கமானவர். சென்னையிலேயே பிறந்து வளர்ந்தவர். ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறார். மகள் குளித்துவிட்டு வர வீட்டுக்குப் போயிருந்தாள்.

அவர் எதிரே அவள் உட்கார்ந்ததே இல்லை. கல்யாணமான நாளிலிருந்து கதவுக்குப் பின்னால் நின்றுதான் பேச்சு. அதுவும் மகளிடம். 'காப்பி குடிக்காகளான்னு கேளு.' இரண்டடி தள்ளி நிற்கும் அவர், 'வேணாம்னு சொல்லு' என்பார்.

இப்போது முதுகுப் பக்கம் திறந்த ஆஸ்பத்திரி அங்கியில் அவர்முன் கிடந்தாள்.

வயிறு முறுக்கியது. அடக்கினாள்.

அவருடைய போன் அடித்தது. எழுந்து வராந்தாவுக்குப் போவார். அந்தக் கொஞ்ச நேரம் போதும். பெனிட்டாவின் கையைப் பிடித்துக் காதோடு ஏதாவது சொல்லிவிடலாம். சாடையாவது காட்டலாம்.

அவர் எழவில்லை. குரலை மட்டும் தாழ்த்திக்கொண்டார்.

"இல்லப்பா, நகர முடியாது. அத்தைய விட்டுட்டு எங்கயும் போகக் கூடாதுன்னு வீட்ல ஆர்டர்."

மறுபடி முறுக்கியது. நல்ல காலைக் கட்டிலுக்கு வெளியே நீட்டினாள். போய்விடலாம் என்றில்லை. எங்காவது கொஞ்சம் தள்ளி. ஒரு சுவருக்கு அந்தப் பக்கம்.

"ஐயோ, எங்கம்மா இறங்குறீங்க!"

பெனிட்டா ஓடிவந்து காலை எடுத்து உள்ளே வைத்தாள். பக்கக் கம்பியை மேலே ஏற்றி மாட்டினாள்.

"வெளிய போணும்" என்றாள் அவள். இந்தத் தடவை குரல் உயர்ந்துவிட்டது.

மாப்பிள்ளை போனை வைத்துவிட்டுத் திரும்பினார்.

"என்ன அத்த, ஊருக்குக் கிளம்பிட்டீங்களா? கோழியெல்லாம் உங்களத் தேடுதாக்கும்?"

முதல் முறையாக நேரே அவளிடம் பேசுகிறார். கேலி வேறு செய்கிறார். மாப்பிள்ளை கேலி செய்தால் சிரிக்க வேண்டும்.

சிரித்தாள்.

அந்தச் சிரிப்பில் பிடி விட்டுப்போனது.



மாப்பிள்ளை மூக்கைப் பொத்தவில்லை. முகம் சுளிக்கவில்லை. எழுந்து போய், கை கழுவுவது எப்படி என்று சுவரில் ஒட்டியிருந்த படங்களை ஒவ்வொன்றாகப் படிக்க ஆரம்பித்தார்.

அவர் வைதிருந்தால் தேவலை.

பெனிட்டா திரையை இழுத்துவிட்டாள். வெந்நீர் கொண்டுவந்தாள். ஒருக்களித்துப் பிடித்துத் துடைத்தாள். அருவருப்பே இல்லாத கை. பெற்ற மகள்கூட இப்படிச் செய்திருப்பாளா என்பது சந்தேகம்.

"ஏம்மா, ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

அவள் கூரையைப் பார்த்தாள்.

துணி மாற்றிய பிறகு பெனிட்டா திரைக்கு அந்தப் பக்கம் போனாள். திரைத் துணிக்கும் காது உண்டு என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியவில்லை.

"தப்பா எடுத்துக்காதீங்க சார். பெரியவங்களுக்கு ஆபரேஷனுக்கப்புறம் கொஞ்சம் குழப்பம் வரும். காலையிலேருந்து வெளிய போகணும், வெளிய போகணும்னு இதே பேச்சு. நினைவில்லாமப் போனதுதான். அவங்களுக்கே தெரியாது."

"ஓ" என்றார் மாப்பிள்ளை. "அப்படியா."

அந்த 'அப்படியா'வில் ஒரு பாரம் இறங்கிய சத்தம் இருந்தது.

அவங்களுக்கே தெரியாது.

படுத்தபடியே அதைத் தனக்குள் சொல்லிப் பார்த்தாள். கைக்குழந்தைக்குத் தெரியாது. பைத்தியத்துக்குத் தெரியாது. தெரியாதவர்களைப் பார்த்து ஊரில் யாரும் சிரித்ததில்லை. பாவம் என்பார்கள், அதோடு மறந்துவிடுவார்கள்.

திரை விலகியது. பெனிட்டா குனிந்து, காது கேளாதவர்களிடம் பேசுவதுபோல் உரக்கக் கேட்டாள்.

"அம்மா, இங்க பாருங்க. இவர் யாருன்னு தெரியுதா?"

அவள் தலையைத் திருப்பினாள். கல்யாணத்துக்குப் பிறகு இப்போதுதான் அவர் முகத்தை நேருக்கு நேர் பார்க்கிறாள். மீசையில் நரை விழுந்திருந்தது. இடது புருவத்தில் ஒரு பழைய தழும்பு. அது இத்தனை நாளும் அவளுக்குத் தெரியாது.

அவரும் அவள் பதிலுக்குப் பயந்தவர்போல் நின்றார்.

நிதானமாகப் பார்த்தாள். கண்ணை எடுக்கவில்லை.

"தெரியலியே தாயி" என்றாள். "யாரு இது?"

அவர் முகம் தளர்ந்தது. படங்களை விட்டுவிட்டுக் கட்டில் அருகே வந்தார். கம்பியின் மேல் கையை ஊன்றிக்கொண்டு, "பாவம்" என்றார்.

பெனிட்டா அவர் பக்கம் திரும்பினாள்.

"ராத்திரிக்கு என்ன சார் குடுக்கலாம்? அவங்களுக்கு என்ன பிடிக்கும்?"

மாப்பிள்ளை யோசித்தார். அவருக்குத் தெரியவில்லை.