கைப்புட்டி முந்திக்கொண்டது

கையிலிருந்து எடுத்த ரத்தம்தான் முதலில் மணியடித்திருந்தது.

காலையில் லேபுக்கு வந்ததும் கருவியின் திரையை இரண்டு தரம் பார்த்தேன். கைப்புட்டி விடியற்காலை ஐந்து மணிக்கு. குழாய்ப்புட்டி ஆறு மணிக்கு. இதென்ன கூத்து!

இரண்டுமே கடோங்கோவின் ரத்தம். சுரங்கத்தில் ஃபிட்டர். சிறுநீரகம் இரண்டும் போய், தீவிர சிகிச்சைப் பிரிவில் நாலு நாளாகக் காய்ச்சலில் கொதிக்கிறான். ரத்தத்தைச் சுத்தம் செய்யக் கழுத்தில் ஒரு குழாய் போட்டிருக்கிறார்கள். அதை எடுத்தால் இன்னொன்று போட நல்ல நரம்பு மிச்சமில்லை. கிருமி அந்தக் குழாயில் குடியிருந்தால் எடுக்காமலும் இருக்க முடியாது.

எங்கள் கணக்கு எளிது. ஒரே நேரத்தில், ஒரே அளவில், குழாயிலிருந்து ஒரு புட்டி, கையிலிருந்து ஒரு புட்டி. கிருமி வளர்ந்ததும் கருவி மணியடிக்கும். குழாய்ப்புட்டி இரண்டு மணி நேரம் முந்தினால் குழாய்தான் குற்றவாளி.

குழாயை உருவி, அதன் நுனியை வெட்டித் தட்டில் உருட்டிப் பார்க்கவும் ஒரு முறை உண்டு. வேரில் புழு இருக்கிறதா என்று பார்க்க மரத்தையே பிடுங்குகிற வேலை அது.

ஆனால் கை முந்தினால்? பதினோரு வருஷத்தில் நான் பார்த்ததில்லை.

டாக்டர் சிக்காஸ்வேயிடம் போனில் நேரங்களைச் சொன்னேன். "அப்ப குழாய் மேல தப்பில்ல, விட்டுடலாம்" என்றார். சரி என்று வைத்துவிட்டேன்.

மனசு ஆறவில்லை. ஒட்டியிருந்த சீட்டுகளைச் சரிபார்த்தேன். கரண்ட் போனதா என்று பார்த்தேன். ஒன்றும் பிடிபடவில்லை. கடைசியில் நர்ஸ் நம்வீம்பாவைக் கூப்பிட்டேன்.

"ரெண்டும் நேத்து காலையில ஏழே முக்காலுக்கு, ஒரே மூச்சுல எடுத்தது. என்னை விசாரிக்காதீங்க. தூக்கிட்டு வர ஆள் வரல, அவன் பொண்டாட்டிதான் கொண்டு வந்தா."

பதிவேட்டைப் புரட்டினேன். புட்டிகள் கருவிக்குள் போனது நேற்றுப் பிற்பகல் ஒன்றே கால். வார்டிலிருந்து இங்கே ஐந்து நிமிட நடை!

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மனைவி முசொண்டா வெளியே நடையில்தான் நின்றிருந்தாள், முதுகில் சிட்டெங்கே துணியில் கட்டிய பிள்ளையோடு.

"அந்தப் புட்டிங்கள எங்கம்மா வச்சிருந்த?"

"கையில எடுத்தத பிள்ளையோட சேத்து முதுகுல கட்டிக்கிட்டேன் மேடம். அப்பன் ரத்தம் சில்லுனு ஆயிடக்கூடாதில்ல? கழுத்துல எடுத்ததுல விஷம் இருக்கலாம்னு நர்ஸ் சொன்னாங்க. அதான் பிள்ளைகிட்ட வேணாம்னு தரையில தள்ளி வச்சேன்."

எங்கள் ஊரில் ஜூன்தான் குளிர்காலம். ஜூன் மாதத்துச் சிமெண்ட் தரை. காலை வைத்தால் விறைக்கும்.

ஐயோ. ஒன்று ஐந்து மணி நேரம் அடைகாத்த முட்டை, மற்றது குளிரில் கிடந்தது. கருவி இரண்டையும் ஒன்றாக உள்ளே வாங்கி ஒன்றாக எண்ணியிருக்கிறது. நான் சொன்ன நேரங்களுக்கு அர்த்தமே இல்லை. கிருமி குழாயிலேயே இருக்கலாம். அதை நான்தான் காப்பாற்றிவிட்டிருக்கிறேன்.

"நேரா லேப் ஜன்னலுக்கு வந்து குடுக்கறதுக்கு என்ன கேடு உனக்கு?" என்று கத்தினேன். நடையில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பினார்கள்.

முசொண்டா ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தாள்.

"எட்டு மணிக்கே வந்தேனே மேடம். மீட்டிங் இருக்கு, சாப்பாட்டுக்கு அப்புறம் வான்னு நீங்கதானே ஜன்னலச் சாத்துனீங்க."

எனக்கு அவள் முகம் நினைவில்லை. முகத்தைப் பார்த்து நான் ஜன்னலைச் சாத்துவதில்லை.

அங்கேயே நின்று டாக்டருக்குப் போன் போட்டேன். நான் சொன்னது தப்பு, மறுபடி ரத்தம் எடுங்கள் என்றேன்.

"ஒரு நாள் போச்சே! அவன் தாங்கணுமே" என்றார். "யாரு சொதப்பினது? பொண்டாட்டியா?"

"நான்தான் டாக்டர்."

போனை வைத்தேன்.

முசொண்டா துணியின் முடிச்சை இறுக்கிக்கொண்டாள்.

"திரும்பவும் கொண்டாறேன் மேடம்" என்றாள். "இன்னிக்கு எத்தன மணிக்கு வந்தா உங்களுக்குச் சரிப்படும்?"