பங்குனியில் சாரல்

“அம்மா, நான் நல்லா இருக்கேன். இங்க அரசாங்கம் எங்கள நல்லாப் பாத்துக்கிடுது. குற்றாலத்துல இப்ப சாரல் அடிக்கும்லா? அப்பாவ மெயினருவியில ஒரு குளி குளிச்சிட்டு வரச் சொல்லு.”

வீடியோ முடிந்தது. வேலைக்குப் போன நாட்டில், அதிபரைக் கேலி செய்து ஒரு பதிவு போட்டதற்காக இசக்கிராஜை உள்ளே வைத்திருந்தார்கள். மாதம் ஒரு வீடியோ மட்டும் சிறையிலிருந்து வரும்.

“பாத்தியளா, பிள்ள சிரிச்ச முகமாத்தான் பேசுதான்,” என்றாள் மாரி.

“ஏட்டி, பங்குனி வெயில் கொளுத்துது. இவன் சாரலுங்கான்?” என்றார் அவள் புருஷன் சங்கிலிப்பாண்டி.

“உள்ள கிடக்கவனுக்கு மாசம் எப்படித் தெரியும்? ஆசையாச் சொல்லுதான், போய்க் குளிச்சிட்டு வாங்க.”

அவர் வாசலுக்குப் போய்ப் பழைய வீடியோக்களை ஓட்டிப் பார்த்தார். ஆடியில் வந்ததிலும், தையில் வந்ததிலும், இன்று வந்ததிலும் மகனின் நாடியில் அதே சவரக் காயம். ரத்தம்கூடக் காயவில்லை. எல்லாவற்றையும் ஒரே நாளில் பேசவைத்து எடுத்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு எடுக்க அவன் இருந்திருக்க மாட்டான்.

மாரியிடம் எப்படிச் சொல்வது? துண்டை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினார். மெயினருவியில் நூலாக வடிந்த தண்ணீரில் தலையைக் கொடுத்து, வாய்விட்டு அழுதார்.

வீட்டுக்கு வந்ததும், “பிள்ள சொன்ன மாதிரியே குளிச்சாச்சு,” என்றார், முகத்தைக் காட்டாமல்.

பிறகு திரும்பிப் பார்த்தார்.

காலையிலேயே குளித்துப் பூ வைத்திருந்த மாரி, பூவை எடுத்துப் போட்டுவிட்டு, உடுத்திய சேலையோடு தலை நனைந்து குழாயடியில் நின்றிருந்தாள்.