ஐஸ்பெட்டியில் ஒரு பதினைந்து வயது

"என் பொண்ணைக் கொண்டுபோய்க் கோழிக்காலோட ஐஸ்பெட்டியில வச்சிருக்கீங்களே, உங்களையெல்லாம்..."

"ஐஸ்ல வச்சாத்தாம்மா கொஞ்ச நேரமாவது உயிர் வரும். கதவைத் திறக்காதீங்க, குளிர் போயிடும்."

ஒனெய்டா கதவிலிருந்து கையை எடுத்தாள். மகள் மைரேலிஸ் அவள் முதுகுக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தாள். ஐஸ்பெட்டிக்குள் இருந்தது, கல்யாணம் போலக் கொண்டாடிய அவளுடைய பதினைந்தாம் பிறந்தநாள் படங்கள். பிளாஸ்டிக் பையில் சுற்றிய ஒரு ஹார்ட் டிஸ்க்.

போட்டோக்காரர் ரிகோபெர்த்தோவின் கம்ப்யூட்டர் திங்கட்கிழமையிலிருந்து எழுந்திருக்கவில்லை. பொத்தானை அழுத்தினால் கறுப்புத் திரை, உள்ளே டக் டக்கென்று ஒரு சத்தம். மெக்கானிக் எலியேசர் வயரை மாற்றிப் பார்த்தான், மெமரியைக் கழற்றித் துடைத்து மாட்டினான். கடைசியில் டிஸ்க்கின் மேல் காதை வைத்துக் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினான்.

"கோழி எழுந்து நடந்தாலும் நடக்கும்ணே, இது சந்தேகம்."

குளிர வைத்தால் ஐந்து நிமிடம் ஓடலாம், ஓடாமலும் போகலாம் என்றான். நான்கு மணிக்கு மத்தான்சாஸ் ஊர் முழுக்க மின்சாரம் நிற்கும். இப்போது மூன்று நாற்பது.

"படத்தை மறுபடி எடுத்துத் தர்றேன்னு எத்தனை தடவை சொல்றது? அதே வெள்ளை கவுன், அதே கடற்கரை."

"வேண்டாம்."

"பொண்ணு இப்ப இன்னும் அழகாத்தான் ஆயிருக்கா."

"வேண்டாம்னு சொன்னேன்."

ரிகோபெர்த்தோவுக்குச் சலித்துவிட்டது. கார்தெனாஸிலிருந்து லாரியில் தொற்றிக்கொண்டு வந்தவர்கள் வீட்டுக்காரரையும் கூட்டி வந்திருக்கலாம், அவர் பொறுமையான மனிதர், ரெண்டு வார்த்தையில் முடிந்திருக்கும் என்றார். படம் எடுத்த அன்று பூரா வெயிலில் மகளுக்குக் குடை பிடித்தவர். குடையும் கையுமாகப் படத்துக்குள்ளேயே வந்து வந்து நின்றுவிடுவார், அது ஒன்றுதான் தொல்லை.

ஒனெய்டா கடிகாரத்தைப் பார்த்தாள்.

மூன்று ஐம்பதுக்கு எலியேசர் டிஸ்க்கை வெளியே எடுத்து, ஈரத்தைத் துடைத்து, தன் கம்ப்யூட்டரில் மாட்டினான். முதல் தடவை ஒன்றுமில்லை. இரண்டாம் தடவை டக் டக். மூன்றாம் தடவை சத்தம் அடங்கி, மெல்லச் சுழலத் தொடங்கியது.

"ரெண்டு ஃபோல்டர் தெரியுதுண்ணே. 'மைரேலிஸ் நல்லவை', 'மைரேலிஸ் தேறாதவை'. ஒண்ணுக்குத்தான் நேரம் இருக்கு, இப்பவே சூடேறுது. எதை எடுக்க?"

"இதென்ன கேள்வி? நல்லதைத்தான்," என்றார் ரிகோபெர்த்தோ.

மைரேலிஸ் எட்டி, எலியேசரின் கையோடு சேர்த்து மவுஸை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். வந்ததிலிருந்து அவள் வாய் திறந்திருக்கவில்லை. டிஸ்க் உள்ளே ஒருமுறை டக் என்றது.

"தேறாததை எடுங்க. எங்கப்பாவை இனிமே யாரும் படம் எடுக்க முடியாது."